ஈக்வடார் பச்சாகூட்டிக்: ஜனாதிபதி தேர்தல்ல 5 சதவீதம், ஆனா மலை மாகாணங்கள்ல ஆட்சி. எப்படி?

மலைப்பாதை:
பூர்வகுடி இடதுசாரி அரசியல்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் பொலிவியாவோட முன்னாள் பூர்வகுடி ஜனாதிபதி மோராலெஸ்லயே நின்னுடுறாங்க, அதனால இந்த இழைய ஈக்வடாருக்குன்னே தொடங்குறேன். பச்சாகூட்டிக் கட்சி பத்தி. 1986-ல உருவான கொனாயே இருக்கே, நாட்டோட பெரும்பாலான பூர்வகுடி கூட்டமைப்புகளுக்கும் தாய் அமைப்பு, அதுவும் தொழிற்சங்கங்களும் நகரத்து இடதுசாரிகளும் சேர்ந்து 1995-ல ஆரம்பிச்சது. வாக்குச்சீட்டுல 18-ம் நம்பர், வானவில் நிறக் கொடி.

2025 பிப்ரவரி ஜனாதிபதி தேர்தல்ல அவங்க வேட்பாளர் லியோனிதாஸ் இசா மூணாவது இடம், 5.25 சதவீதம். உடனே கட்சி முடிஞ்சு போச்சுன்னு ஆளாளுக்கு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அதே நேரத்துல கோட்டோபாக்ஸி மாகாணத்த லூர்தெஸ் திபான் நடத்திட்டிருக்காங்க, சிம்பொராசோவும் அவங்க கைல, அமேசான் பக்கம் மொரோனா சாந்தியாகோவுல அச்சுவார் இனத்த சேர்ந்த தியுவா உயுன்கார் இருக்கார், எல்லாமே 2023 பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தல்ல ஜெயிச்சது. ஜனாதிபதி தேர்தல் சதவீதத்த வச்சு இந்தக் கட்சிய அளந்தா ஒண்ணுமே புரியாதுன்னு நான் நினைக்கிறேன். இது மாகாணத்துல, கிராமத்துல உயிரோட இருக்கிற கட்சி. தலைநகர்ல கூட்டணி போட்டப்போ எல்லாம் அடி வாங்கிட்டுத்தான் திரும்பியிருக்கு.

நெல்லிக்காய்:
ஒரு அடிப்படைக் கேள்வி. 2022 மக்கள்தொகை கணக்குல தன்னை பூர்வகுடின்னு சொன்னவங்க 7.7 சதவீதம்தான்னு படிச்சேன். அத வச்சுகிட்டு ஒரு மாகாணத்தையே எப்படி ஜெயிக்க முடியுது?

வாக்குப்பெட்டி:
நெல்லிக்காய், ரெண்டு காரணம். அந்த 7.7 நாடு முழுக்க சமமா பரவி இல்ல, நடு மலைப்பகுதியிலயும் அமேசான்லயும் குவிஞ்சிருக்கு. குவாயாஸ், மனாபி மாதிரி கடற்கரை மாகாணங்கள்லதான் வாக்காளர் கூட்டம் அதிகம், அங்க இவங்களுக்கு பெருசா ஒண்ணும் கிடையாது, அதான் தேசிய சதவீதம் அடிவாங்குது.

இன்னொண்ணு தேர்தல் முறை. ஜனாதிபதிக்கு ரெண்டு சுற்று, முதல் சுற்றுலயே ஜெயிக்கணும்னா பாதிக்கு மேல வேணும், இல்லன்னா 40 சதவீதமும் அடுத்தவர விட 10 புள்ளி முன்னிலையும். மாகாணத் தலைவர் பதவிக்கு, அங்க ப்ரிஃபெக்ட்னு சொல்றது, ஒரே சுற்றுதான், யாருக்கு கூடுதல் ஓட்டோ அவர் ஜெயிச்சார், குறைந்தபட்ச சதவீதம்லாம் கிடையாது. ப்ரிஃபெக்டும் துணை ப்ரிஃபெக்டும் ஜோடியா நிப்பாங்க. ஒரு மாகாணத்துல ஏகப்பட்ட ஜோடி நிக்கிறப்போ ஓட்டு சிதறிடும். கட்டுக்கோப்பான கிராம ஓட்டு இருக்கிறவங்களுக்கு அது பெரிய பலம். 2019 மார்ச்ல அசுவாய் மாகாணத்துல பச்சாகூட்டிக்கோட யாக்கு பெரெஸ் ஜெயிச்சது முப்பது சதவீதத்துக்கும் கீழதான். மொத்தம் 24 மாகாணம், கலாபகோஸ் தீவுகளுக்கு மட்டும் ப்ரிஃபெக்ட் கிடையாது, தனி நிர்வாகம், ஆக 23 இடம். 18 வயசுலேர்ந்து 65 வரைக்கும் ஓட்டு போடுறது கட்டாயம், அதனால மலை உச்சி கிராமத்துலகூட ஆட்கள் இறங்கி வந்து போட்டுட்டுத்தான் போவாங்க.

சிவப்புமை:
முறையெல்லாம் சரி, அரசியல பேசுவோம். என் பார்வையில பச்சாகூட்டிக் இடதுசாரி வாக்க உடைக்கிற வேலையத்தான் திரும்பத் திரும்ப செஞ்சிருக்கு. 2007-லேர்ந்து 2017 வரைக்கும் ஜனாதிபதியா இருந்த இடதுசாரி கொர்ரேயாவோட ஆட்சி பத்து வருஷத்துல வறுமை குறைஞ்சது, ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு அரசு காசு கீழ வரைக்கும் இறங்குச்சு. அந்த ஆட்சிய எதிர்த்தே நின்னாங்க. 2021 ரெண்டாவது சுற்றுல என்ன பண்ணாங்க? ஒரு பக்கம் வங்கி முதலாளி லாஸ்ஸோ, இன்னொரு பக்கம் கொர்ரேயா கட்சியோட அராவுஸ். இவங்க செல்லாத ஓட்டு போடுங்கன்னு பிரசாரம் பண்ணாங்க. 17 லட்சத்துக்கு மேல செல்லாத ஓட்டு விழுந்துச்சு. லாஸ்ஸோ ஜெயிச்ச வித்தியாசம் கிட்டத்தட்ட 4 லட்சத்து 20 ஆயிரம்தான். கணக்கு போட்டுப் பாருங்க தோழர்.

மலைப்பாதை:
தோழர், அந்தக் கணக்குக்கு முன்னாடி ஒரு கணக்கு இருக்கு. 2021 முதல் சுற்றுல யாக்கு பெரெஸ் 19.39 சதவீதம், லாஸ்ஸோ 19.74. நடுவுல வித்தியாசம் வெறும் 32 ஆயிரம் சொச்சம் ஓட்டு. மறுபடி எண்ணுங்கன்னு கேட்டாங்க, தேர்தல் கவுன்சில் முதல்ல சரின்னு ஒத்துக்கிட்டு அப்புறம் முழுசா நடத்தல, தெற்கே இருக்கிற லோஹாலேர்ந்து தலைநகர் கீட்டோ வரைக்கும் நடந்தே வந்தாங்க. அந்த கோபம் மனசுல இருக்கிறவங்ககிட்ட போய் உடனே இன்னொருத்தருக்கு ஓட்டு போடுன்னா எப்படிப் போடுவாங்க?

கொர்ரேயா விஷயத்துக்கு வரேன், இத கொஞ்சம் நீளமாவே சொல்லணும். 2008 அரசியல் சட்டத்துல பன்மைத் தேசிய அரசு (ஒரே நாட்டுக்குள்ள பல தேசிய இனங்கள்னு ஏத்துக்கிறது), இயற்கைக்கு உரிமை இதெல்லாம் வந்ததுக்குப் பின்னாடி பூர்வகுடி இயக்கத்தோட இருபது வருஷ உழைப்பு இருக்கு, அந்தச் சட்டத்துக்கு இவங்களும் ஆதரவு கொடுத்தாங்க. மறு வருஷமே சுரங்கச் சட்டம் வந்துடுச்சு, தண்ணிச் சட்டம் மசோதா வந்துச்சு. 2009 செப்டம்பர்ல மக்காஸ் பக்கம் நடந்த போராட்டத்துல அமேசான் ஷுவார் இனத்து ஆசிரியர் போஸ்கோ விசுமா குண்டு பாஞ்சு செத்துப்போனார். போராடின தலைவர்கள் மேல பயங்கரவாத வழக்கு போட்டாங்க. ரோடு போட்டது நிஜம், ஆஸ்பத்திரி கட்டினது நிஜம், நான் மறுக்கல. ஆனா அந்தக் காசு எந்த மலையத் தோண்டி, எந்த ஆத்துக்குப் பக்கத்துல குழி வெட்டி வருதுன்னு கேட்டவன பயங்கரவாதின்னு சொன்ன ஆட்சிய அவன் எதுக்கு ஆதரிக்கணும்?

அப்புறம் இவங்க இடதுசாரியான்னே சந்தேகப்படுறது ரொம்ப வருத்தமா இருக்கு. 1926-ல கீட்டோவுல சோஷலிஸ்ட் கட்சி தொடங்கின மாநாட்டுலயே கயாம்பே பகுதியிலேர்ந்து ஹெசூஸ் குவாலவிசி வந்து உட்கார்ந்திருக்கார், பூர்வகுடி விவசாயி, விவசாயி சங்கத்தோட பிரதிநிதியா. 1930-31-ல அதே பகுதி பண்ணைகள்ல கூலிக்காக, நிலத்துக்காக வேலைநிறுத்தம். டொலோரெஸ் ககுவாங்கோ, எழுதப்படிக்கத் தெரியாத அம்மா, கிச்சுவா மொழியில பள்ளிக்கூடம் தொடங்கினவங்க, 1944-ல கம்யூனிஸ்டுகளோட சேர்ந்து முதல் பூர்வகுடி கூட்டமைப்ப கட்டினாங்க. எழுதப்படிக்கத் தெரியாதவங்களுக்கு அந்த நாட்டுல ஓட்டுரிமையே 1970-கள் கடைசியில வந்த அரசியல் சட்டத்துலதான் கிடைச்சுது. அதுவரைக்கும் கிச்சுவா விவசாயிகள்ல பெரும்பகுதிக்கு ஓட்டே கிடையாது. அப்படி இருந்தவங்க 1996-ல முதல் தேர்தல்லயே 82 பேர் இருந்த காங்கிரசுல 8 இடம் பிடிச்சாங்க.

நெல்லிக்காய்:
இதெல்லாம் எனக்கு புதுசு. உள்ளாட்சியில ஜெயிச்சு என்ன பண்ணாங்கன்னு ஒரு உதாரணம் யாராவது சொல்லுங்களேன், கொள்கை வேணாம், நடந்தது வேணும்.

பாரமோமழை:
நான் சொல்றேன் நெல்லிக்காய், ரெண்டு இடம். முதல்ல இம்பாபுரா மாகாணத்துல கோட்டகாச்சி. 1996-ல அவுக்கி தித்துவானா மேயரா வந்தார், கிச்சுவா இனத்தவர், கியூபாவுல பொருளாதாரம் படிச்சவர். வந்த உடனே முனிசிபாலிட்டி பட்ஜெட்ட வருஷா வருஷம் ஒரு பெரிய சபையில வச்சு பேச ஆரம்பிச்சாங்க. கோட்டகாச்சிக்கு மூணு பகுதி, மலைமேல இருக்கிற கிச்சுவா கிராமங்கள், நடுவுல டவுன், மேற்கே இறங்கினா இன்டாக் காட்டுப்பகுதி, அங்க இருக்கிறவங்க பெரும்பாலும் மெஸ்டிசோ, அதாவது கலப்பு இன விவசாயிங்க. மூணு பேருக்கும் தேவை வேற வேற. எங்க தண்ணிக்குழாய், எங்க ரோடுன்னு அந்தந்த பகுதி சபையில பேசி வரிசை போட்டு, பெரிய சபையில மோதி முடிவு பண்ணுவாங்க. மேயர் தனியா ரூம்ல உட்கார்ந்து முடிவு பண்றது போச்சு. 2000-ல அந்த ஊரையே சூழலியல் கன்டோன்னு (கன்டோன்னா ஒரு மேயருக்குக் கீழ வர்ற நகராட்சிப் பகுதி) சட்டம் போட்டாங்க, இன்டாக்ல தாமிரச் சுரங்கத்துக்கு எதிரா நின்ன விவசாயிங்களுக்கு அது ஒரு பிடிமானம் ஆச்சு. கியூபா முறையில எழுத்தறிவு வகுப்பு நடத்தி 2005-ல எழுத்தறிவின்மை இல்லாத பகுதின்னு அறிவிச்சாங்க. 2009 வரைக்கும் அவர்தான் மேயர்.

ரெண்டாவது கிம்சகோச்சா, அசுவாய் மாகாணம். 3,500 மீட்டருக்கு மேல இருக்கிற புல்வெளி, பாரமோன்னு பேரு. மரமே இருக்காது, இடுப்பளவு மஞ்சள் புல்லும் கறுப்பு மண்ணும்தான். மழையையும் பனிமூட்டத்தையும் அந்த மண்ணு ஸ்பான்ஜ் மாதிரி உறிஞ்சி வச்சு சொட்டு சொட்டா கீழ விடும், குவென்கா நகரத்துக்குப் போற ஆறுகளுக்கு அங்கதான் ஊத்து. அதுக்குக் கீழ தங்கம் இருக்கு, லோமா லார்கான்னு சுரங்கத் திட்டம். கீழ தார்க்கி, விக்டோரியா தெல் போர்த்தெத்தே கிராமங்கள்ல குடிதண்ணிய நடத்துறது அரசாங்கம் இல்ல, ஊர் ஆட்களே. குழாய் உடைஞ்சா, தொட்டி அடைச்சா வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வரணும், அதுக்கு மின்கான்னு பேரு, வராதவங்களுக்கு அபராதம் உண்டு. யாக்கு பெரெஸ் அரசியலுக்கு வந்ததே இந்தத் தண்ணி அமைப்புகளோட வக்கீலாத்தான், போராட்டத்துக்காக சிறைக்கும் போயிருக்கார். அவர் ப்ரிஃபெக்டா ஜெயிச்ச அதே நாள், 2019 மார்ச் 24, ஹிரோன் பகுதியில கிம்சகோச்சாவுல சுரங்கம் வேணுமான்னு தனி வாக்கெடுப்பும் நடந்துச்சு. 86.79 சதவீதம் வேணாம்னு போட்டாங்க.

சிவப்புமை:
அருமையான தகவல் பாரமோமழை, நன்றி. ஆனா 2023-ல அதே அசுவாய் மாகாணத்த கொர்ரேயா கட்சிக்காரர்தானே ஜெயிச்சார்? யாக்கு பெரெஸ் 2020-லயே ப்ரிஃபெக்ட் பதவிய விட்டுட்டு ஜனாதிபதி தேர்தலுக்குப் போயிட்டார், 2021-ல கட்சியையும் விட்டுட்டார். அப்போ மாகாணத்துல வேர் விட்ட கட்சின்னு மலைப்பாதை சொல்றது எங்க நிக்குது?

பாரமோமழை:
நிக்குது தோழர். யாக்கு பெரெஸ் மாகாணம் முழுக்க வாக்கெடுப்பு நடத்தணும்னு கேட்டார், அரசியல்சட்ட நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. அதோட முடியல, குவென்கா நகர சபை அந்த ஊருக்கு மட்டும்னு கேள்வி எழுதி அனுமதி வாங்கி 2021 பிப்ரவரியில ஓட்டெடுப்பு, சுமார் 80 சதவீதம் தண்ணிக்கு ஆதரவா. அப்புறம் 2025 செப்டம்பர்ல குவென்காவுல தண்ணிக்காக பிரம்மாண்டமான பேரணி, தெருவெல்லாம் ஜனம், நகர மேயரும் நீங்க சொன்ன அந்த கொர்ரேயா கட்சி ப்ரிஃபெக்டும் அதுல கலந்துகிட்டாங்க. கொஞ்ச நாள்ல லோமா லார்காவோட சுற்றுச்சூழல் லைசென்ஸ அரசு ரத்து பண்ணிடுச்சு. பச்சாகூட்டிக் பதவிய இழந்துச்சு, ஆனா இனிமே அந்த மாகாணத்துல எந்தக் கட்சிக்காரன் ஓட்டு கேட்டாலும் சுரங்கத்துக்கு ஆதரவா பேச முடியாது. உள்ளாட்சி அரசியல்ல இதவிட என்ன வேணும் சொல்லுங்க.

வாக்குப்பெட்டி:
இதுக்கு நேர் எதிர் உதாரணத்தையும் வைக்கணும், இல்லன்னா படம் முழுசாகாது. தெற்கே அமேசான்ல சமோரா சின்சிப்பே மாகாணம். சரகூரோ இனத்த சேர்ந்த சல்வதோர் கிஷ்பே 2009-ல ப்ரிஃபெக்டா ஜெயிச்சார், 2014-ல மறுபடியும். சுரங்கத்துக்கு எதிரா வெளிப்படையா பேசினவர். ஆனா நாட்டோட ரெண்டு பெரிய சுரங்கம், சீனக் கம்பெனியோட மிராதோர் தாமிரச் சுரங்கமும் ஃப்ருத்தா தெல் நோர்த்தே தங்கச் சுரங்கமும், அதே மாகாணத்துலதான் 2019-ல உற்பத்தியத் தொடங்குச்சு. ஏன்னா ப்ரிஃபெக்டோட அதிகாரம் கிராமப்புற ரோடு, பாசனம், உற்பத்திக்கு உதவி, ஓரளவு சுற்றுச்சூழல், அவ்வளவுதான். மண்ணுக்குக் கீழ இருக்கிறது எல்லாம் மத்திய அரசோடது, லைசென்ஸ் கீட்டோவுலேர்ந்து வரும். ப்ரிஃபெக்டால சத்தம் போட முடியும், அறிக்கை கொடுக்க முடியும், கேஸ் போட முடியும், தடுக்க முடியாது. அசுவாய்ல குவென்கா மாதிரி ஒரு பெரிய நகரம் தண்ணிக்காக பக்கத்துல நின்னுச்சு. சமோராவுல அப்படி நிக்க ஒரு பெரிய நகரமே கிடையாது. ஓட்டு எண்ணிக்கை அரசியல்ல இது ரொம்பக் கொடுமையான விஷயம், கம்மி ஜனம் இருக்கிற இடத்துலதான் சுரங்கம் வருது.

மலைப்பாதை:
வாக்குப்பெட்டி சொன்னத அப்படியே ஏத்துக்கிறேன். அதனாலதான் கீட்டோ அதிகாரம் மேல இவங்களுக்கு எப்பவும் ஒரு ஏக்கம் இருந்துட்டே இருக்கு, அதுலதான் மாட்டிக்கிறாங்க. 2000 ஜனவரி 21-ல ஜமீல் மஹுவாத் ஆட்சி கவிழ்ந்தப்போ தெருவுல நின்னவங்க பூர்வகுடி மக்களும் சில ராணுவ கர்னல்களும். அதுல ஒரு கர்னல் லூசியோ குத்தியெர்ரெஸ். 2002-ல அவரோட கூட்டணி வச்சு ஜெயிச்சு, நினா பகாரி வெளியுறவு அமைச்சர், லூயிஸ் மகாஸ் விவசாய அமைச்சர். பூர்வகுடிப் பெண் ஒருத்தங்க நாட்டோட வெளியுறவு அமைச்சரா உட்கார்ந்தத பார்க்க எவ்வளவு பெருமையா இருந்திருக்கும்! ஆனா குத்தியெர்ரெஸ் நேரா சர்வதேச நிதியத்துகிட்ட போய் கையெழுத்து போட்டார். 2003 ஆகஸ்ட்ல கூட்டணி உடைஞ்சுது, ஏழு மாசம்கூட முழுசா போகல. அந்த ஏழு மாசத்துல கிராமத்துல இருந்த நம்பிக்கை போனது திரும்பி வர வருஷக்கணக்காச்சு. 2006-ல மகாஸே ஜனாதிபதிக்கு நின்னப்போ 2 சதவீதம் சொச்சம்தான் வந்துச்சு.

ஆனா அதே காலத்துல மலை மாகாணங்கள்ல மேயர்களும் கிராம அளவு பரோக்கியா சபை உறுப்பினர்களும் ஜெயிச்சுட்டேதான் இருந்தாங்க. ஏன்னா அங்க ஆள தேர்ந்தெடுக்கிறது கட்சி ஆபீஸ் இல்ல, சமூகக் கூட்டம். யார் மின்காவுக்கு வந்தான், யார் தண்ணி அமைப்புல பொறுப்பா கணக்கு காட்டினான்னு ஊருக்கே தெரியும். போஸ்டர் ஒட்டி ஏமாத்த முடியாது.

நெல்லிக்காய்:
அந்தக் கூட்டத்துல தேர்ந்தெடுக்கப்பட்டவங்க எல்லாரும் அப்படியே இருந்துட்டாங்களா அண்ணா?

மலைப்பாதை:
இல்லம்மா. கோட்டகாச்சி மேயரா இருந்தாரே அவுக்கி தித்துவானா, 2012-ல லாஸ்ஸோவோட துணை ஜனாதிபதி வேட்பாளரா போக சம்மதிச்சார், கொனாயே அவர வெளியேத்திடுச்சு. எனக்கு இன்னமும் ஜீரணிக்க முடியாத விஷயம் அது. பட்ஜெட்ட ஜனங்க கைல கொடுத்த மனுஷன்.

அப்புறம் 2021-ல கட்சிக்கு வரலாறுல இல்லாத வெற்றி, 137-ல 27 இடம், குவாதலுப்பே ல்யோரி நாடாளுமன்றத் தலைவராவே வந்தாங்க. ஒரு வருஷத்துல, 2022 மே கடைசியில, சொந்தக் கட்சி ஆட்களே சிலர் எதிர்த்து ஓட்டு போட்டு அவங்க பதவி போச்சு. அடுத்த மாசமே விலைவாசிக்கு எதிரா 18 நாள் போராட்டம், தெருவுல இயக்கம் ஒண்ணா நின்னுச்சு, சபைக்குள்ள கட்சி ரெண்டா நின்னுச்சு. 2025-லயும் அதேதான், கிடைச்ச 9 பேர்ல சிலர் ஜனாதிபதி நொபோவா அரசோட பக்கம் சாஞ்சுட்டாங்க. இசாவும் திபானும் ஒரே மாகாணம், ஒரே கட்சி, ஆனா ரெண்டு பேரும் பொதுவெளியிலயே மோதிக்கிறாங்க. இத மூடி மறைக்க எனக்கு விருப்பமில்ல, இந்தக் கட்சி மேல அக்கறை இருக்கிறவன்தான் இதப் பேசணும்.

சிவப்புமை:
இந்தப் பதிவு நேர்மையா இருக்கு. செல்லாத ஓட்டு விஷயத்துல என் கருத்து மாறல, 2021-ல லாஸ்ஸோவ உள்ள விட்டது பெரிய தப்புதான். ஆனா 2025 மார்ச்ல சிம்பொராசோ மலையில திக்சான்ங்கிற ஊர்ல வச்சு கொர்ரேயா கட்சியும் பச்சாகூட்டிக்கும் ஒப்பந்தம் போட்டாங்கல்ல, அது முன்னாடியே நடந்திருக்கணும்னு தோணுது. சுரங்கம் பத்தி, சமூகங்களோட உரிமை பத்தி எழுத்துல வாக்குறுதி கொடுத்தாங்க.

பாரமோமழை:
கொடுத்தாங்க, ஆனா ஏப்ரல் ரெண்டாவது சுற்றுல நொபோவா 55 சதவீதத்துக்கு மேல எடுத்து ஜெயிச்சார், மலைப்பகுதி கிராமங்கள் பலது ஒப்பந்தத்த மதிக்கல. பதினஞ்சு வருஷக் காயம் ஒரு மேடையில ஆறாது தோழர். கீழ இருக்கிறவங்கள கேக்காம மேல போட்ட ஒப்பந்தமாத்தான் நிறைய பேர் பார்த்தாங்க. ஆனா பாருங்க, அதே மக்கள் அஞ்சே மாசத்துல டீசல் விலைய நொபோவா ஏத்தினப்போ, ஒரு கேலன் 1.80 டாலர்லேர்ந்து 2.80 ஆச்சு, ஒரு மாசம் ரோட்ட மறிச்சு நின்னாங்க, இம்பாபுரா மாகாணத்துல ஒட்டாவாலோ, கோட்டகாச்சி பக்கம்தான் அது ரொம்பத் தீவிரமா இருந்துச்சு. நவம்பர் 16 வாக்கெடுப்புல வெளிநாட்டு ராணுவத் தளம், புது அரசியல் நிர்ணய சபை ரெண்டுக்கும் நாடே முடியாதுன்னு சொல்லிடுச்சு. அவங்க ஓட்டு யாருக்கும் அடமானம் இல்ல.

நெல்லிக்காய்:
அடுத்த உள்ளாட்சித் தேர்தல் வரும்போது நான் எதக் கவனிக்கணும்? முடிவு வந்ததும் எத்தன ப்ரிஃபெக்ட்னு எண்ணினா போதுமா?

வாக்குப்பெட்டி:
ப்ரிஃபெக்ட் எண்ணிக்கை செய்தியில தானா வந்துடும். கன்டோன் மேயர்களும் பரோக்கியா சபைகளும் பாரு, குறிப்பா சிம்பொராசோ, கோட்டோபாக்ஸி, இம்பாபுரா. அப்புறம் 18-ம் நம்பர் தனியா நிக்குதா, இல்ல வேற கட்சியோட சேர்ந்து நிக்குதான்னு மாகாணத்துக்கு மாகாணம் மாறும், அதையும் பார்க்கணும், கூட்டணி ஓட்ட தனிக்கட்சி ஓட்டா எண்ணிடாத.

மலைப்பாதை:
கூடவே வேட்பாளர் எப்படி வந்தார்னு பாரு நெல்லிக்காய். சமூகக் கூட்டம் கைதூக்கி அனுப்பினவரா, இல்ல கடைசி வாரத்துல வேற கட்சியிலேர்ந்து தாவி வந்தவரா. கயாம்பேல கிச்சுவா இனத்தவரான கியெர்மோ சுருசும்பி 2014-லேர்ந்து ரெண்டு தடவ மேயரா இருந்தார், அந்தப் பகுதி பால் மாட்டு விவசாயமும் ஏற்றுமதி பூந்தோட்டமும் ஒரே ஆத்துத் தண்ணிக்கு சண்டை போடுற இடம். அந்த மாதிரி ஊர்கள்ல யார் நிக்கிறாங்க, பாசன வாய்க்கால் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு அவங்க வேலைத்திட்டத்துல பாரு. வேட்பு மனுவோட வேலைத்திட்டமும் கொடுத்தே ஆகணும்ங்கிறது அங்க சட்டம், தேடினா கிடைக்கும். கிடைச்சத இங்க கொண்டு வந்து போடு, சேர்ந்து படிப்போம்.